கை வாத்தியார்

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். முதலில் பார்த்தது ஒரு கையை.

எங்கள் பள்ளியின் தெருக்கதவுக்குத் தாழ்ப்பாள் உட்பக்கம் இருந்தது. வெளியிலிருந்து திறக்க, கதவுப் பலகையில் இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. அதில் கையை விட்டு, மேல்நோக்கி வளைத்து, தாழ்ப்பாளை இடது பக்கம் தள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. கதவைத் தட்டுவார்கள், யாராவது போய்த் திறப்போம். அன்று ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. வெளுத்த, மெலிந்த கை. மணிக்கட்டில் சட்டைப் பொத்தான் போட்டிருந்தது. அது எதையும் தடவிப் பார்க்கவில்லை. நேராக மேலே வளைந்து தாழ்ப்பாளைத் தள்ளியது. பிறகு கதவு திறந்து, கைக்குரியவர் உள்ளே வந்தார். அதற்கு முன்பு அவர் அந்தத் தெருவுக்கே வந்ததில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. உறவினர் யாராவது இருக்கலாம். பிள்ளைகள் வைத்த பெயர் கை வாத்தியார்.

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம். பள்ளி ராயபுரத்தில், காசிமேட்டுக்குத் திரும்பும் சந்தில் இருந்தது. ஓடு போட்ட இரண்டு நீளக் கூடங்கள், பின்னால் ஓர் அறை, அறையை ஒட்டித் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை. நிலக்கரி வண்டி போனால் கரும்பலகையைத் துடைத்த பிறகுதான் மறுபடி எழுத முடியும். நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். பத்திரிகை ஆபீசில் இடம் கிடைக்கும்வரை இரண்டு வருடம் அங்கே இருந்தேன்.

குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியானபோது பள்ளியும் காலியானது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், படிப்பு திரும்பவில்லை. எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஒரு வருடம் யாருமே தேறவில்லை. அடுத்த வருடம் ஒரே ஒருவன். மூன்றாவது வருடமும் இப்படியே என்றால் அங்கீகாரம் ரத்து என்று கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பள்ளியை நடத்தியவர் வண்ணாரப்பேட்டையில் மரக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். மேனேஜர் பாய் என்போம். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தார். பிறகு யாரோ கை வாத்தியாரைப் பற்றிச் சொன்னார்கள். மூடப்போகும் பள்ளிகளுக்கு மட்டும்தான் போவார். ஒரு வருடம் இருப்பார். தேர்ச்சி வந்ததும் போய்விடுவார். கேட்பது தங்க ஓர் அறை.

எட்டாம் வகுப்பில் அந்த வருடம் பத்தொன்பது பேர். பள்ளி மூடினால் சிறு பிள்ளைகள் வேறு எங்காவது சேர்ந்துகொள்ளலாம். இந்தப் பத்தொன்பது பேருக்கு அடுத்த தடவை என்பது இல்லை. அவர்களில் ஒருத்தி கன்னியம்மா. அம்மா மீன் விற்றாள். எட்டாவது தேறிய பெண்களை ஆசிரியப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட காலம் அது. அம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "தேறனா டீச்சர் வேலைக்குப் படிக்கட்டும் வாத்யாரே. இல்லாங்காட்டி ஏங் கூடைய எட்த்துக்கட்டும். மூணாவது வழி அவளுக்கு இல்ல."

வந்த அன்று அவர் பத்தொன்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, "கையைக் காட்டுங்க" என்றார். பிரம்படி என்று நினைத்து எல்லோரும் உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவரிடம் பிரம்பு இல்லை. ஒவ்வொரு கையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நீ வலை இழுக்கிறாய், நீ ரயில் பாதையில் கரி பொறுக்குகிறாய், உன் வீட்டில் கயிறு திரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றும் தப்பவில்லை. கன்னியம்மாவின் கையை மட்டும் அதிக நேரம் வைத்திருந்தார். "இந்தக் கை யாருக்கோ எழுதிக்கிட்டிருக்கு" என்றார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வால்டேரில் இருந்த அப்பாவுக்கு அவள் மாதம் ஒரு கார்டு எழுதுவது எங்களுக்கே அப்போது தெரியாது. வரிசை முடியும்வரை அவர் ஒரு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை பையன்கள் கதவருகே பேசிக்கொண்டு போனார்கள்.

"அந்தாளு கை இன்னா அப்டி சில்லுனு கீது?"

"ஐஸ் பொட்டில கைய வுட்ட மாரி கீது. எனுக்கு முட்டி வரைக்கும் ஏறிச்சு."

அந்த வருடம் முழுவதும் அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதாக நினைவில்லை. ஒரு நாள் ராயபுரம் கடைத்தெருவில் நானும் அவரும் நடந்துகொண்டிருந்தோம். எட்டாம் வகுப்புக் காசிம் எதிரே வந்து சலாம் வைத்தான். அவர் கடந்து போனார். காசிம் ஓடி வந்து மறுபடி முன்னால் நின்றான். அப்போதும் யாரோ வழிப்போக்கனை விலக்குவதுபோல் ஒதுங்கினார். காசிமுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை அவர் மார்புக்கு நேரே நீட்டினான். அவர் நின்று குனிந்து பார்த்தார். "காசிமா. நேத்து ஏன் வரல?" என்றார். காசிம் அன்று சாயங்காலம் வரை கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "தப்பு தலையில இல்ல, கையில இருக்கு." நான் இதை வெறும் பேச்சு என்று நினைத்தேன். கணக்குப் பாடத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கழித்தல் கணக்கில் அவர்களுடைய விடை எப்போதும் ஒன்று குறையும். எட்டிலிருந்து பதினைந்துக்கு எத்தனை என்றால் ஆறு என்பார்கள். நாங்கள் எல்லோரும் அதை மந்தபுத்தி என்று எண்ணித் தலையில் குட்டியிருக்கிறோம். இவர் குட்டவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு நாள் அவர்களுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கரையில் மீன் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் மீனை எடுத்து 'லாபம்' என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக் கூடையில் போடுவார்கள், அடுத்தது இரண்டு. இந்தப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும்போதும் அப்படியே செய்தார்கள். லாபம் என்று உதட்டுக்குள் சொல்லிக் கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றினார்கள். விரலை மடக்கத் தொடங்கியது இரண்டிலிருந்து. கடைசியில் மடக்கிய விரல்களைப் பார்த்து விடை சொன்னால் ஒன்று குறையத்தானே செய்யும்.

"லாபத்துக்கும் ஒரு விரல் மடக்கு" என்றார் அவர்.

"லாபத்த மடக்கக்கூடாது சார்" என்றான் ஒரு பையன். "கடலு குடுக்காது."

"கடல் பரீட்சை எழுதப்போறதில்லை."

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் அவன் பின்னால் போய் நின்று, அவன் கையைத் தன் கைக்குள் எடுத்து, முதல் விரலைத் தானே மடக்கினார். ஒரு வாரத்தில் கழித்தல் சரியாகிவிட்டது. அந்தப் பையன் வீட்டில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தானாம், விரலை மடக்கியது தானில்லை என்று.

எழுத்துப் பயிற்சிக்கு அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்ட இரட்டைக் கோடு நோட்டு. அதன் பக்கத்தின் மேல் எண்ணெய் தடவிய தாளை வைத்து, தினம் ஒரு பக்கம், எல்லோரும் அச்சு எடுக்க வேண்டும். எடுக்கும்போது அவர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று கையைப் பிடித்து நடத்துவார். கரும்பலகையிலும் அவர் தனியாக எழுதியதில்லை. யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். அதன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, சேர்ந்து எழுதுவார். வருகைப் பதிவேட்டையும் அப்படித்தான் நிரப்பினார். மேனேஜர் பாய்க்கு இது பெரிய ஆச்சரியம். "எவ்ளோ பிரியமா சொல்லிக்குடுக்கறாரு பாருங்க சார்" என்றார் என்னிடம்.

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்த எனக்குக் கொடுத்தார்கள். விடைகள் நன்றாக இருந்தன. ஐந்தாவது தாளில் சற்று நிறுத்தினேன். திருத்தி வைத்த நான்கையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதையும் மேசையில் பரப்பினேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரே உயரம், ஒரே சாய்வு. ழகரத்தின் வால் கீழே இறங்கி, இடது பக்கம் ஒரு முறை சுழித்து, ஒரு புள்ளியில் நின்றது. அந்தப் புள்ளிக்கு எந்த அவசியமும் இல்லை. பத்தொன்பதிலும் அது இருந்தது.

நல்ல கையெழுத்தைப் பார்த்துப் பழகினால் ஒத்துப்போவது இயல்புதான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காசிமின் தாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காசிம் இடது கைக்காரன். நோட்டை அச்செடுக்க மறுத்தவன். கடைத்தெருச் சம்பவத்துக்குப் பிறகு கையைத் தொடவிடாதவன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாத்தியாரும் விட்டுவிட்டார். அவனுடைய ழகரத்திலும் புள்ளி இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் இன்னா சார் பண்றது" என்றான். "எய்தனா இப்டிதான் வருது."

தை மாதம் ஒரு நாள் பகல் பதினொன்றேகால் மணிக்கு, தோளில் துணிப்பையோடு ஓர் ஆள் கூடத்து வாசலில் வந்து நின்றார். கன்னியம்மாவின் அப்பா. வால்டேர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. மகளுடைய கார்டை யாராவது படித்துச் சொன்னதும், அதை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம். வாசலில் நின்றவர் உள்ளே பெண்கள் வரிசையைப் பார்த்தார். மகள் உட்கார்ந்திருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நீ செத்துட்டன்னு வந்தேம்மே" என்றார்.

பையிலிருந்து கார்டுகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். கடைசி மூன்றும் வேறு கையெழுத்து. பெண் போய்விட்டாள், தனக்குத் தெரியக்கூடாது என்று அவள் பேரில் யாரோ எழுதுகிறார்கள் என்று முடிவு செய்து, வேலையில் சொல்லாமல் ரயில் ஏறியிருந்தார்.

"நான்தான் நைனா எய்தனேன்."

"எங்க, எய்து."

அவள் பலகையை எடுத்து எழுதினாள். அவர் பக்கத்தில் குந்தி, குச்சி நகர்வதைப் பார்த்தார். அவள் எழுதி முடித்தபின் பழைய கார்டு ஒன்றை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் எழுத்துகள் கோணலாக, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஏறி இறங்கின. அதேபோல் எழுதிக்காட்டச் சொன்னார். அவள் அழித்துவிட்டு எழுதினாள். மறுபடி அழித்துவிட்டு எழுதினாள். மூன்றாவது முறை குச்சி உடைந்தது. கோணல் வரவில்லை.

"மூஞ்சி ஏம் பொண்ணு மூஞ்சி" என்றார். "கை யார்துமே?"

கூடத்தின் கோடியில் வாத்தியார் ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா எழுந்து அவரிடம் போனார்.

"வாத்யாரே, அவ கைய இன்னா பண்ணே?"

"பேப்பர் திருத்துறவங்களுக்கு உன் பொண்ணோட முகம் தெரியாது" என்றார் வாத்தியார், பையனின் கையைப் பார்த்தபடி. "கைதான் தெரியும். இந்தக் கை தேறும்."

"ஏம் பொண்ணு தேறுமா?"

வாத்தியார் பையனின் கையை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினார். நிலக்கரி வண்டி வந்தது; கூடம் ஆடியது. அது போனதும் அப்பா கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். அன்றிரவு ரயிலிலேயே வால்டேருக்குத் திரும்பிவிட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

பொதுத் தேர்வு தண்டையார்பேட்டையில் வேறொரு பள்ளியில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் பத்தொன்பது பேரையும் பிரித்து, மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடையில் உட்காரவைத்தார்கள். கண்காணித்தவர்கள் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள். இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்றப் பள்ளிகளுக்கு முடிவு வந்தபோது எங்களுக்கு வரவில்லை. கடிதம் வந்தது. பத்தொன்பது மாணவர்களின் தாள்களும் ஒரே நபரால் எழுதப்பட்டவையாகத் தோன்றுவதால் முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது; விசாரணைக்கு அதிகாரிகள் வருவார்கள்.

மேனேஜர் பாய் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "இஸ்கோல் போனா போவுது சார். புள்ளைங்கள திருடன்னு சொல்றானுங்களே" என்றார். கன்னியம்மாவின் அம்மா அன்று மதியமே வந்துவிட்டாள். கேட்டது ஒன்றுதான்: பயிற்சிக்கு மனுப்போட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. பன்னிரண்டு நாள் என்றேன். அவள் தலையில் இருந்த காலிக் கூடையை இறக்காமலேயே திரும்பிப் போனாள்.

இரண்டு அதிகாரிகள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஒருவர் வயதானவர், கண்ணாடி போட்டவர், மற்றவர் இளைஞர். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பின்னறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியைச் சொல்லி எழுதச் சொன்னார்கள். அதுவரை யாரும் பார்த்திராத பத்தி. சாட்சிக்காக என்னை உள்ளே வைத்துக்கொண்டார்கள். முதல் நான்கு பேர் வரை இளைஞர் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஏழாவதுக்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். காசிம் இடது கையால் எழுதியபோது பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்தொன்பது தாள்களும் மேசை மேல் வந்து சேர்ந்தன. ஒரு தாளைப் பத்தொன்பது முறை அச்சடித்ததுபோல் இருந்தது.

"வாத்தியாரோட கையெழுத்து இது" என்றார் இளைஞர். "அவரையும் எழுதச் சொல்லுங்க."

வாத்தியார் வந்தார். "எனக்கு எழுத வராது சார்" என்றார். அவர்கள் நம்பவில்லை; நானும் நம்பவில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்தார்கள். பெரியவர் அதே பத்தியைச் சொன்னார். கதவு ஓட்டையில் தடுமாறாமல் தாழ்ப்பாளைத் தள்ளிய அந்தக் கை, பேனாவைப் பிடித்ததும் தடுமாறியது. முதல் வார்த்தைக்கே இரண்டு நிமிடம் ஆனது. பலகை பிடித்து ஒரு வாரமான பிள்ளை எழுதியதுபோல், ஓர் எழுத்து பெரிது, ஓர் எழுத்து தலைகீழ். இரண்டாவது வரியில் பெரியவர் போதும் என்றார்.

"அப்போ இது யார் கையெழுத்து?"

வாத்தியார் தன் பெட்டியைத் திறந்து பழுப்பு அட்டை நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். பெரியவர் பிரித்தார். அதே சாய்வு, அதே ழகரம், அதே புள்ளி. எண்ணெய்த் தாள் வைத்து வைத்துப் பக்கங்கள் கண்ணாடிபோல் ஆகியிருந்தன. எழுத்து நோட்டின் பாதி வரைதான் இருந்தது. கடைசி வாக்கியம் முடியவில்லை. அதற்குப் பின் வெறும் கோடுகள். பெரியவர் முன் அட்டைக்குத் திரும்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பெயர் இருந்த இடம் விரல்கள் பட்டுத் தேய்ந்துபோயிருந்தது. நான்காம் வகுப்பு என்பது மட்டும் தெரிந்தது.

"இந்தப் பிள்ளை இப்போ எங்கே?" என்று கேட்டார்.

வாத்தியார் மேசையிலிருந்த பத்தொன்பது தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, அடுக்கினார். ஏதாவது ஒரு தாள் துளி நீட்டிக்கொண்டிருந்தால் விரலால் தள்ளி உள்ளே சேர்த்தார். பெரியவர் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினார். மாணவர்கள் தாமே எழுதினார்கள் என்று அங்கேயே அறிக்கை எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இளைஞர் ஏற்கெனவே தெருவில் போய் நின்றுகொண்டிருந்தார்.

கடிதம் வந்த ஒன்பதாவது நாள் முடிவு வந்தது. பதினேழு பேர் தேறியிருந்தார்கள். கன்னியம்மா அதில் ஒருத்தி, காசிமும்தான். அங்கீகாரம் நீடித்தது. மேனேஜர் பாய் மாலை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனபோது அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது, பெட்டி இல்லை. தெருக்கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. எங்கே போனார் என்று பாய் பல பேரிடம் விசாரித்தார். திருவொற்றியூருக்கு அப்பால் ஏதோ ஒரு பள்ளி என்றார் ஒருவர். தென்னாற்காடு என்றார் இன்னொருவர்.

நான் அடுத்த வருடம் பத்திரிகைக்குப் போனேன். மூன்று வருடம் கழித்து, ஒரு படகு விபத்துச் செய்திக்காகக் காசிமேட்டுக்குப் போயிருந்தபோது கன்னியம்மாவின் அம்மா என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். மகள் பயிற்சி முடித்து எண்ணூரில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள் என்றாள். சனிக்கிழமை வந்தவள் அப்பாவுக்குக் கார்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இடுப்பில் செருகியிருந்த அதை எடுத்து, விலாசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

விலாசம் சரியாக இருந்தது. திருப்பினேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து. கீழே கன்னியம்மா என்ற பெயர், அதன் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"அத்த வெக்கலன்னா அவுங்க நைனா நம்பமாட்டாரு வாத்யாரே" என்றாள் அம்மா.

ரேகை தெளிவாக விழுந்திருந்தது.